பெனால்டியைப் பார்க்காத பயிற்சியாளரும் மைதானத்தைப் பார்க்காத முதலாளிகளும்

இரண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை அரசரடி டீக்கடையில் நண்பர் ஒருவர், "லீக் கோப்பைதானே மாப்பிள்ளை, இதற்குப் போய் ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். அதன் பிறகு பொறுக்க முடியவில்லை.

2025 ஆகஸ்ட் 27 இரவு, இங்கிலாந்துக் கால்பந்து லீக் கோப்பையில் கிரிம்ஸ்பியிடம் நம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நிலை லீக்கில் ஆடும் அணி. முதல் அரை மணி நேரத்தில் நம் வலைக்குள் இரண்டு கோல். இரண்டாவது கோலை அடித்த டைரல் வாரன் ஒரு காலத்தில் நம் இளையோர் அணியில் இருந்த பையன். நம் எம்புமோவும் மகுவயரும் கடைசிக் கால் மணி நேரத்தில் எப்படியோ சமன் செய்தார்கள். பிறகு 26 பெனால்டி உதைகள். 12-11. தோற்றோம். தோல்வி எனக்குப் புதிதில்லை. போன சீசனில் லீக்கில் மட்டும் 18 முறை தோற்றவர்கள் நாம். 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடித்தவர்கள். பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா கோப்பையைப் பறிகொடுத்த இரவில்கூட நான் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

என்னைத் தூங்கவிடாதது ஒரே ஒரு காட்சிதான். பெனால்டி போய்க்கொண்டிருக்கிறது. நம் பயிற்சியாளர் ரூபன் அமோரிம் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். களத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, கையில் பலகையை வைத்துக்கொண்டு வீரர்களின் இடத்தைக் காட்ட அதில் ஒட்டியிருந்த காந்த வில்லைகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

மதுரையில் அப்போது மணி கிட்டத்தட்ட மூன்று. பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறார் என்று சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, கைபேசியை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். நம் குன்யா ஐந்தாவது உதைக்கு வருகிறார். அது உள்ளே போனால் வெற்றி. என்னையறியாமல் டம்ளரை இறுக்கிப் பிடித்ததில் கைபேசி சரிந்து விழுந்துவிட்டது. நிமிர்த்தி வைப்பதற்குள் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்க்கிறேன். களத்தின் ஓரத்தில் இருக்கிற மனிதர் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? இதைத்தான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதற்றத்தில் சிலருக்குப் பார்க்க முடியாது என்பீர்கள். என் அம்மாவும் அப்படித்தான். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவார். ஆனால் அம்மாவை நம்பிப் பதினொரு பேர் களத்தில் நிற்கவில்லை. ஓடி வந்து உதைக்கப் போகிற பையன் ஒரு கணம் திரும்பினால், அங்கே ஒரு முகம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா?

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அரசரடி ரயில்வே மைதானத்தில் துறை அணிக்காகத் தடுப்பாட்டம் ஆடுவார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஓர் ஆட்டம் டை-பிரேக்கருக்குப் போனது. ஐந்தாவது உதை அப்பாவுடையது. பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பி அவர் காலடிக்கே வந்தது. அந்த 'டங்' என்ற சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அணியைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய ஃபோர்மேன். கோபக்காரர், காலனியே அவருக்குப் பயப்படும். ஐந்து உதைகளையும் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவர், மெதுவாக நடந்து வந்து, வெள்ளைக் கால்சட்டையோடு அப்பாவின் பக்கத்தில் அதே செம்மண்ணில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்து போனார். பின்பக்கம் முழுக்கச் செம்மண். அப்பா ஓய்வு பெற்று, முதுமையில் பல விஷயங்களை மறந்த பிறகும் அந்தச் செம்மண்ணை மறக்கவில்லை.

புதன்கிழமை இரவு எம்புமோவின் உதையும் குறுக்குக் கம்பத்தில்தான் பட்டது. யார் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும் என்று தெரியும். வழக்கமாக வருவதுதான். "மதுரையில் இருந்துகொண்டு உனக்கு மான்செஸ்டர் எதற்கு?" பதில் சொல்கிறேன். இந்த கிளப்பைத் தொடங்கியவர்கள் பிரபுக்கள் அல்லர். 1878-ல் நியூட்டன் ஹீத்தில், லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் பெட்டிப் பணிமனையில் வேலை பார்த்த தொழிலாளிகள், வேலை முடிந்த நேரத்தில் ஆடுவதற்காகத் தொடங்கியது. 1902-ல்தான் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாறியது. இதை நான் படித்துச் சொன்னபோது அப்பா, "அப்படியென்றால் நம் ஆட்கள்" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கிளப் கிடையாது. 1999-ல் பார்சிலோனாவில் பேயர்னுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை அப்பாவும் நானும் ரயில்வே காலனியில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 90 நிமிடம் முடிந்து ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் அணைக்கப் போனார். அப்பா, "இரண்டு நிமிடம் இருங்கள்" என்றார். ஷெரிங்காம் ஒரு கோல், பிறகு சோல்ஷேர் ஒரு கோல். கோப்பை நமக்கு. அந்த இரண்டு நிமிடத்தின் கடனைத்தான் நான் இருபத்தாறு வருடமாக அடைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு உரிமை இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம்.

சரி, பயிற்சியாளரோடு நிறுத்திவிடலாமா? முடியாது. நம் பழைய பயிற்சியாளர் ஃபெர்குசன் 2013-ல் ஓய்வு பெற்றார். மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், 2024 நவம்பரில் அமோரிம். இடைக்காலத்துக்கு வந்தவர்களை நான் எண்ணவில்லை. அமோரிமுக்கு முன்பு வந்த ஒவ்வொருவரையும் நாம் திட்டினோம், ஒவ்வொருவரும் போனார்கள். போகாதவர்கள் யார்? 2005-லிருந்து முதலாளிகளாக இருக்கும் அதே கிளேசர் குடும்பம். கடன் இல்லாமல் இருந்த கிளப்பை, கடன் எடுத்து விலைக்கு வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். ஒருவருடைய வீட்டை அவருடைய நகையையே அடகு வைத்து வாங்குவதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். வட்டியாக மட்டும் பல நூறு மில்லியன் பவுண்டு போயிருக்கிறது. மைதானத்துக்கு என்ன செய்தார்கள்? 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டத்தன்று பெய்த மழையில் ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து அருவி மாதிரி தண்ணீர் கொட்டியதே, மறந்துவிட்டதா?

மான்செஸ்டர் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2005-லேயே சிலர் வெளியேறிச் சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். 2010-ல் நியூட்டன் ஹீத்தின் பச்சை, பொன்னிறத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மைதானம் முழுக்க உட்கார்ந்தார்கள். 2021 மே மாதம் களத்துக்குள்ளேயே புகுந்து லிவர்பூல் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வைத்தார்கள். அந்தக் குடும்பம் இவற்றையெல்லாம் கண்ணெடுத்துப் பார்த்ததா? பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அங்கே மேலே தொடங்கியது. பெஞ்சில் தொடங்கவில்லை.

"இந்தக் கோடையில் 200 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவழித்தார்களே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். உண்மை. குன்யா, எம்புமோ, செஸ்கோ, மூவரும் நல்ல வீரர்கள். நடுக்களத்துக்கு ஆள் வேண்டும் என்று நாமெல்லாம் கத்தினோமே, வந்தாரா? அந்தப் பணம் அவர்கள் வீட்டுப் பணமா? டிக்கெட் வாங்கியவர்களின் பணம், சட்டை வாங்கியவர்களின் பணம். இதற்கு மேல் அந்தத் தம்பிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

"பயிற்சியாளருக்கு நேரம் கொடு" என்பது இன்னொன்று. இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தார். முதல் கோப்பை 1990-ல்தான். நடுவில் அவரை அனுப்பு என்று கத்தியவர்கள் ஏராளம். அப்போது நிர்வாகம் பொறுத்தது, பலன் கிடைத்தது. ஆகவே அமோரிமை நாளைக்கே துரத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபெர்குசன் கிளப்பில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தார். சமையலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் வேலை பார்த்தவர்களைக்கூடப் பெயர் சொல்லி அழைத்தார். பத்து வயதுப் பையன்கள் ஆடுவதைப் போய்ப் பார்த்தார். 1937-லிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் சொந்த இளையோர் அணியில் வளர்ந்த ஒருவராவது நம் அணியில் இருந்திருக்கிறார். இன்று அந்த வரிசையில் வந்த கோபி மைனுவுக்கு லீக்கின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஏன்? பலகையில் 3-4-3 என்று, அதாவது பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர் என்று இருக்கிறது, அதில் அவனுக்கு இடமில்லை. பலகைக்கு ஏற்ற பையன் வேண்டும் என்கிறார்கள். பையனைப் பார்த்துவிட்டுப் பலகையை மாற்றுவதற்குத்தானே பயிற்சியாளர்?

எனக்கு மிகவும் வலித்தது யாரால் என்று கேட்டால், அந்தக் குடும்பத்தாலோ அமோரிமாலோ அல்ல. ஜிம் ராட்கிளிஃப். மான்செஸ்டர் பக்கத்தில் பிறந்து, சிறு வயதிலிருந்தே இந்த கிளப்பை நேசித்தவர் என்றார்கள். 2024 பிப்ரவரியில் அவர் நான்கில் ஒரு பங்கு வாங்கிய அன்று காளவாசலில் நண்பர்களுக்கு நான் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். மண்ணின் மைந்தர் வந்துவிட்டார், இனி பார்ப்பார் என்றேன். என்ன பார்த்தார்? ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அக்டோபரில் அனுப்பினார்கள். அவரையும் உதவியாளர்களையும் அனுப்ப மட்டும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. அதே சமயத்தில் 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இன்னும் 200 பேர் வரை என்றார்கள். சீசன் நடுவில் மிச்சமிருந்த டிக்கெட்டுகளை 66 பவுண்டு ஆக்கினார்கள். குழந்தைக்கும் அதே விலை, பென்ஷன்காரருக்கும் அதே விலை. ஓல்ட் டிராஃபோர்டு ஊழியர்களுக்கு இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பழம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மதியச் சாப்பாடு. இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கே எனக்கு விட்டுப்போனது என்று நினைக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், நிர்வாகம் கைமாறியது. புதியவர்கள் முதலில் கை வைத்தது கேன்டீனில். சிக்கனம் என்று ஒரு தாளை ஒட்டினார்கள். மேலே இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். கூட்டிப் பெருக்கிய அக்கா ஒருவர் மறுநாளிலிருந்து தூக்குச்சட்டியில் பழைய சோறு கொண்டுவந்து, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். யாராவது இறங்கி வந்தால் மூடியைப் போட்டு மறைப்பார். புதிய முதலாளி தினமும் அதே படியில்தான் ஏறி இறங்கினார். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த அக்காவின் கை மூடியைத் தேடும் அவசரம் இருக்கிறதே, அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வணிகம் என்றால் இதெல்லாம் நடக்கும் என்பீர்கள். கிளப் நட்டத்தில் ஓடுகிறது, கணக்கைச் சரி செய்யத்தான் வேண்டும் என்பீர்கள். கணக்கு எனக்கும் தெரியும். அந்தக் கேன்டீனில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வருடம் சாப்பிட்டாலும், தவறான ஆளை வைத்து, தவறான ஆளை அனுப்பி விட்ட பணத்துக்குப் பக்கத்தில் வருமா? ரயில் பணிமனைத் தொழிலாளிகள் தொடங்கிய கிளப்பில் தொழிலாளிக்குச் சோறு இல்லை. அப்பா இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நல்ல வேளையாக, இந்தச் செய்தி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் மகன் நேற்றுக் காலை கேட்டான்: "அப்பா, நான் வேறு டீம் பார்க்கட்டுமா?" டவுன்ஹால் ரோட்டில் வாங்கிக் கொடுத்த சிவப்புச் சட்டையைப் பள்ளி நண்பர்களின் கேலிக்குப் பயந்து ஒரு வருடமாக அவன் வெளியில் போடுவதில்லை. அவனுக்கு வயது பதினொன்று. யுனைடெட் லீக் பட்டம் வென்று அவன் பார்த்ததே கிடையாது. நான் அவனிடம் கோபப்பட்டேன், அது தப்பு. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் என் அப்பாவிடமிருந்து வாங்கியதை அவனுக்குக் கொடுக்க நினைக்கிறேன். கொடுக்க முடியாதபடி நடுவில் யாரோ நின்றுகொண்டு, களத்தையும் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், பலகையையும் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாளை மாலை ஏழரைக்குப் பர்ன்லியுடன் ஆட்டம். ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆள் வருவார்கள். அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மூன்று கோல் போட்டாலும் என் கேள்வி மாறாது. 3-4-3 வேண்டுமா, மைனு ஆட வேண்டுமா, அமோரிம் இருக்க வேண்டுமா என்றெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அந்தக் கேன்டீனில் அடுப்பைப் பற்ற வையுங்கள்.