யோசிக்க எந்த பட்டன் சார்?

முரளி (எச்.ஆர்.): செவ்வாய்க்கிழமை 11 மணியில இருந்து 11:40 வரைக்கும் ஒரே ஒரு கீயைத்தான் தட்டியிருக்கீங்க பானு. நம்ம வேலையைக் கண்காணிக்கற சாஃப்ட்வேர் சந்தேகம்னு சிவப்புல காட்டுது.

பானு: கீழ் அம்புக்குறி சார். காண்ட்ராக்ட் படிச்சேன்.

முரளி: நடுவுல வேற ஒரு எழுத்துகூடத் தட்டலையே?

பானு: அடுத்தவங்க எழுதி அனுப்பின காண்ட்ராக்ட்ல நான் என்ன எழுத்து சார் தட்டறது?

முரளி: இடைவெளி வேற ஒரே சீரா இருக்கு. மனுஷங்க இப்படித் தட்ட மாட்டாங்களாம். மெஷின்தான் தட்டுமாம்.

பானு: ஒழுங்கா வேலை பார்த்தா மெஷின். கன்னாபின்னான்னு தட்டினா மனுஷி. புரிஞ்சுது.

முரளி: 11:40க்கு அப்புறம் அதுவும் இல்ல. மூணு ஸ்கிரீன்ஷாட், மூணுலயும் 31ஆம் பக்கமே நிக்குது.

பானு: அந்தப் பக்கத்துலதான் சார் தப்பு இருந்துச்சு. லேட் ஆனா அவங்க நமக்குக் கட்டணும். நாம அவங்களுக்குக் கட்டற மாதிரி எழுதியிருந்தாங்க. பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முரளி: பேப்பர்லயா?

(திருட்டு நகையைப் பற்றிக் கேட்கும் குரல்.)

பானு: பேனாவை கம்ப்யூட்டர்ல சொருக முடியல சார்.

முரளி: ஒரு நிமிஷம். (மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார்.) ஆட்டலன்னா நான் சீட்ல இல்லன்னு ஸ்டேட்டஸ் மஞ்சளாயிடும். சொல்லுங்க.

பானு: இப்ப என்ன வேலை சார் பண்ணீங்க?

முரளி: அதை விடுங்க. நேராவே கேட்கறேன். மவுஸ் ஜிக்லர் வச்சிருக்கீங்களா?

பானு: அப்படின்னா?

முரளி: யூ.எஸ்.பி.ல சொருகினா மவுஸ் தானா ஆடும்.

பானு: ஓஹோ. எழுதிக்கிறேன்.

முரளி: எழுதாதீங்க! சிலர் முள்ளு வச்ச கடிகாரத்து மேல மவுஸை வைக்கறாங்க. நொடிமுள் ஓடறதை அடியில இருக்கற சென்சார், மவுஸே நகருதுன்னு நினைச்சுக்கும்.

பானு: இது அதைவிடச் சிக்கனம். எழுதிக்கிறேன்.

முரளி: பானு, இது சீரியஸ் விஷயம். 2024ல வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல, கீபோர்டு தட்டற மாதிரி பாவ்லா காட்டினாங்கன்னு பன்னிரண்டு பேருக்கு மேல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

பானு: அதே 2024 டிசம்பர்ல பிரான்ஸ்ல ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு 40,000 யூரோ அபராதம் விழுந்துச்சே, அது தெரியுமா சார்? 3 நிமிஷத்துல இருந்து 15 நிமிஷம் வரைக்கும் கை அசையலன்னா சும்மா இருந்ததா கணக்கு வச்சாங்களாம். அங்க தகவல் பாதுகாப்பைப் பார்க்கற ஆணையம் பிடிச்சிருச்சு.

முரளி: ...அதை எப்பப் படிச்சீங்க? ஆபீஸ் நேரத்துலயா?

பானு: அம்புக்குறியைத் தட்டித்தான்.

முரளி: சரி, வியாழக்கிழமைக்கு வாங்க. 3 மணியில இருந்து 4 மணி வரை ஆக்டிவிட்டி வெறும் 4 சதவீதம்!

பானு: அது உங்க மீட்டிங் சார். நீங்க பேசினீங்க, நான் கேட்டேன்.

முரளி: அதே மீட்டிங்ல உங்க பக்கத்து சீட்டுக்காரருக்கு 91 வந்திருக்கே?

பானு: அவர் உங்களைப் பத்தி க்ரூப்ல டைப் பண்ணிட்டு இருந்தார்.

(சிறிது மௌனம். முரளி மறுபடி மவுஸை ஆட்டுகிறார். இந்த முறை அதற்குத் தேவையே இருக்கவில்லை.)

முரளி: பாருங்க, பத்து நிமிஷத்துக்கு 600 நொடி. அதுல எத்தனை நொடி கையசைவு இருந்துச்சோ, அதுதான் சதவீதம். நான் பண்ணின கணக்கு இல்ல இது.

பானு: அப்ப யோசிக்கறதுக்கு எந்த பட்டன் சார்?

முரளி: யோசிச்சுக்கிட்டே ஸ்பேஸ் பாரைத் தட்டுங்களேன்.

பானு: காண்ட்ராக்ட்லயா?

முரளி: ஒரு நோட்பேட் திறந்து வச்சுக்கிட்டு...

பானு: ஜிக்லர் வச்சா மோசடி, நானே ஜிக்லரா மாறினா பரவாயில்ல. அப்படித்தானே சார்?

முரளி: எனக்கு மேல இருக்கறவங்க கலர்தான் பார்க்கறாங்க பானு. 31ஆம் பக்கத்தை யாரும் கேட்கறதில்ல. விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க, நான் பச்சையாக்கி அனுப்பிடறேன்.

பானு: கையால எழுதவா?

முரளி: ஐயோ வேண்டாம், டைப் பண்ணுங்க! நல்லா நீளமா. ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, 95 வந்துடும்.

பானு: காண்ட்ராக்ட்ல இன்னும் 55 பக்கம் பாக்கி சார். நாளைக்குக் கையெழுத்து.

முரளி: அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல வேலையைப் பாருங்க.