பழைய கொழும்பின் இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு திருத்தம்

நூறு ஆண்டுகளுக்கு முன் கொழும்பு மருத்துவமனைகளில் வாசர்மன் இரத்தப் பரிசோதனையில் பலருக்கு நோய் தெரிந்ததால், நகர மக்களில் பாதிப் பேருக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அந்த முடிவு பொருந்தாது.

1906இல் வந்த அந்தப் பரிசோதனையால் சிபிலிஸையும், தோலில் புண் வரும் பறங்கி நோயையும் (yaws) பிரித்தறிய முடியாது. இரண்டையும் உண்டாக்குவது ஒரே கிருமி இனத்தின் இரு வகைகள். அன்றைய இலங்கையில் பறங்கி நோய் பரவலாக இருந்தது, குறிப்பாகக் கிராமங்களில். அது பால்வினை நோயே அல்ல. புண்ணில் தோல் படுவதால் பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்குத் தொற்றும். பத்து வயதில் காலில் புண் வந்த ஒருவர், பிற்காலத்தில் வேலை தேடிக் கொழும்புக்கு வந்து பரிசோதித்தாலும் அதே முடிவு வரக்கூடும். அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று இன்று நாம் எழுதுவது பெரிய அநியாயம்.

சரிபார்ப்பது எளிது. பறங்கி நோய் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் தகவல் பக்கத்தில், நோயறியும் முறை பற்றிய பகுதியைப் பாருங்கள். இன்றும் வழக்கமான இரத்தப் பரிசோதனைகளால் இரண்டையும் பிரிக்க முடியாது என்று அங்கே தெளிவாக இருக்கிறது.