பிரிண்ட் எடுக்க ஒரு பட்டன் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தரும் ஓர் ஆன்லைன் பயிற்சியின் குழுவில் நேற்று ராத்திரி நடந்ததை நம் ஆட்கள் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். பார்க்காதவர்களுக்காக மறுபடி படம் ஓட்டப் போவதில்லை. யார் பெயரையும் எழுதவும் மாட்டேன். பிரிண்ட் எடுக்கிற மாதிரி ஒரு சான்றிதழ் கேட்ட பெண்ணுக்கு அங்கே கிடைத்த பதில், "சான்றிதழுக்காகப் படிக்கிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த ஒரு வரி, அதற்காகத்தான் இந்தப் பதிவு. அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகளுக்கும் சேர்த்து.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆன்லைனில் பயிற்சி நடத்துகிறீர்கள். முடித்தவர் கையில், முடித்தார் என்று சொல்லும் ஒரு தாள், அவரே பிரிண்ட் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

பயிற்சி நல்ல பயிற்சி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று தமிழில், இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். பாலக்காட்டிலும் கோவையிலும் ஹோம் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள். இரவு வீட்டு வேலை எல்லாம் முடித்து, பிள்ளைகள் தூங்கின பிறகு போனைப் பிடித்து உட்கார்ந்து படித்தவர்கள்.

அவர்களில் ஒருவர் போன வாரம் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். "அண்ணா, இதைக் கொஞ்சம் கலர்ல எடுத்து லேமினேஷன் போட்டுக் குடுங்க" என்று போனை நீட்டினார். பார்த்தால் அது ஒரு ஸ்கிரீன்ஷாட். பச்சை வட்டம், நடுவில் ஒரு டிக். இதுதான் அவர்கள் கொடுக்கிற 'டிஜிட்டல் பேட்ஜ்'. அந்த அக்காவின் பெயர் வலது மூலையில் எறும்பு மாதிரி இருந்தது. பிரிண்டரில் தாள் ஏறும் நேரத்தில் அவரே பேச ஆரம்பித்தார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கவில்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும், யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றின கையோடு படுக்க வைக்கக் கூடாது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. தாள் வெளியே வந்தது. மேலே மணி 10.47, பேட்டரி 14 சதவீதம், வாட்ஸ்அப் குறி, ஒரு மிஸ்டு கால். எல்லாமே கலரில், பளபளவென்று.

அதைத்தான் பையில் வைத்துக்கொண்டு, ஹோம் நர்ஸ் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போனார். "சர்ட்டிபிகேட் உண்டோ?" என்று கேட்டிருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்ததும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போனில் எடுத்த போட்டோ அல்லே?" என்று திரும்பக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. அப்புறம்தான் அவர் குழுவில் போய், ரொம்பத் தயக்கத்தோடு, "சார், பிரிண்ட் எடுக்கிற மாதிரி ஒரு சான்றிதழ் கிடைக்குமா" என்று கேட்டார். கிடைத்த பதில்தான் மேலே சொன்ன அந்த வரி.

"ஏஜென்சி மனநிலைதான் மாற வேண்டும், தாளைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது" என்று ஒருவர் அங்கே தத்துவம் எழுதியிருந்தார். மாறட்டும் ஐயா, நல்லா மாறட்டும். அது மாறுகிற வரைக்கும் அந்த அக்கா வீட்டு வாடகையை நீங்கள் கட்டுகிறீர்களா?

நான் ஒன்றும் உலகத்தில் இல்லாததைக் கேட்கவில்லை. திக்‌ஷாவில் (அரசின் ஆன்லைன் கல்வித் தளம்) 2020இல் ஆசிரியர்களுக்கு நிஷ்டா என்ற பயிற்சி நடந்தது. முடித்தவர்களுக்குச் சான்றிதழ் இறங்கியது. எங்கள் பக்கத்து வாத்தியார்கள், டீச்சர்கள் எல்லாம் என் கடையில்தான் ஃபைல் ஃபைலாக எடுத்துப் போனார்கள். அவர்களைப் பார்த்து யாரும் 'சான்றிதழ் பைத்தியம்' என்று சொன்னதாக நினைவில்லை. என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர் பாடம் இலவசம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் 1000 ரூபாய் கட்டி நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75 என்று கணக்குப் போட்டு, க்யூ.ஆர். கோடோடு தருகிறார்கள். அமெரிக்காவின் ஆன்லைன் பாடத் தளமான எட்எக்ஸ் தொடக்கத்தில் சான்றிதழை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. 2015 முடிவோடு அதை நிறுத்திவிட்டுக் காசுக்கு மாற்றியது. பாடத்தைச் சும்மா கொடுத்துவிட்டுத் தாளுக்கு விலை வைக்கிறார்கள் பாருங்கள். எதற்கு மதிப்பு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நம் ஆட்களுக்கு மட்டும் தாள் என்றால் இளக்காரம்.

டெக்னிக்கல் சிக்கல் என்றும் ஒரு பேச்சு. இவர்கள் பயிற்சி நடப்பது ஆன்லைன் வகுப்புக்கான மூடில் என்ற மென்பொருளில். அதில் சான்றிதழுக்கென்றே இலவசமாக ஒரு பிளக்-இன், அதாவது சேர்த்துக்கொள்ளும் வசதி, இருக்கிறது. எல்லாப் பாடமும் முடித்தால்தான் திறக்கும் என்று கண்டிஷன் வைக்கலாம். ஒவ்வொரு தாளிலும் தனிக் குறியீடு விழும், அதைப் போட்டு உண்மையா பொய்யா என்று யாரும் சரிபார்க்கலாம். தமிழில் பெயர் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து உடையும், அது உண்மை. பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள், மற்றதைப் படமாக வையுங்கள், தீர்ந்தது. பின்னணி வெள்ளையாக இருக்கட்டும், ஏ4 அளவில் இருக்கட்டும், ஓரத்தில் அரை இஞ்ச் விடுங்கள். கருநீலத்தில் பின்னணி போட்டு அனுப்புகிறவர்கள் ஒருநாள் வந்து என் மை செலவைக் கட்டிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, பெயர் போடும் இடத்தில் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' இரண்டும் கட்டாயம் என்று வைக்காதீர்கள். எங்கள் பக்கம் தமிழ்நாட்டு முறையில் இனிஷியல் முன்னால் இருக்கும், கேரள முறையில் பின்னால் இருக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. பாவம், கட்டாயம் என்று காட்டினால் பெயரையே இரண்டு தடவை அடித்துவிடுகிறார்கள். 'செல்வி செல்வி' என்று தாள் வருகிறது.

இப்போது என்னை நோக்கி வந்த கல்லுக்கு வருகிறேன். "ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அவர் வியாபாரக் கவலை" என்று ஒரு நண்பர். நண்பர் என்றுதான் இன்னும் சொல்கிறேன். கலர் பிரிண்ட் 10 ரூபாய், லேமினேஷன் 30 ரூபாய். மின்சாரம், மை, தாள், கடை வாடகை போக மிஞ்சுவது என்னவென்று அவரே வந்து கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பிளஸ் ஒன் சீட் அலாட்மென்ட் வரும் நாளில் ஒரு காலையில் ஓடுகிற வியாபாரத்தை இந்தப் பயிற்சிச் சான்றிதழ்கள் வருடம் முழுக்க ஓட்டினாலும் கொடுக்காது. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு ஹால் டிக்கெட், ஏலச் சீட்டு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதில்தான் கடை ஓடுகிறது. இருபது வருடப் பழக்கத்தில் என்னைப் பற்றி உங்களுக்குத் தோன்றியது இதுதானா? சரி.

போலி போடுவார்கள் என்கிறார்கள். போடுவார்கள். 'பெயரை மட்டும் மாற்றிக் குடுங்க' என்று என்னிடமே கேட்டு வருகிறவர்கள் உண்டு, திருப்பி அனுப்புகிறேன். அதற்குத்தானே குறியீடும் க்யூ.ஆரும். அந்தப் பச்சை வட்டத்தைப் போலி செய்ய போட்டோஷாப் கூட வேண்டாம், சின்னப் பையன் போதும்.

'இதை வைத்துக்கொண்டு நர்ஸ் என்று சொல்லிக்கொண்டால்?' என்று ஒரு டாக்டர் கேட்டிருந்தார். நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருடப் படிப்பு, இது அதுவல்ல என்று அடியில் ஒரு வரி அச்சடித்தால் போச்சு. தாள் இல்லாவிட்டால் மட்டும் யாரும் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்களா?

தாள் அடித்தால் சுற்றுச்சூழல் கெடும் என்று பேசியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அவர் பிறந்தநாளுக்கு வைத்த ஃபிளெக்ஸ் இன்னும் ஜங்ஷனில் தொங்குகிறது.

லாக்டவுன் காலத்து வெபினார் சான்றிதழ்களை இழுத்து வந்து என்னை மடக்கப் பார்த்தவர்களுக்கு: ஆமாம், கூகுள் ஃபார்மில் பெயரையும் மெயிலையும் போட்டால் 'பங்கேற்றமைக்காக' என்று தாள் பறந்து வந்த காலம் அது. அதெல்லாம் குப்பைதான். ஆனால் குப்பை வாங்கிக் குவித்தவர்கள் யார்? பிரமோஷனுக்கு மார்க் சேர்த்துக்கொண்ட படித்தவர்கள். குற்றம் அவர்களுடையது, தண்டனை இந்த அக்காவுக்கா?

அதே 2020 லாக்டவுனில் வாளையார் எல்லையில் நின்றவர்களுக்குத் தாளின் அருமை தெரியும். இந்தப் பக்கம் வர கேரளத்தின் பாஸ், அந்தப் பக்கம் போக தமிழ்நாட்டின் இ-பாஸ். மே மாத வெயிலில் போனை நீட்டி நீட்டி, சார்ஜ் தீர்ந்து, யாரிடமாவது பவர் பேங்க் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். கையில் பிரிண்ட் இருந்தவர்கள் அதை நீட்டிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். 'எல்லாம் போனிலேயே இருக்கே' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வருகிறது.

என் அக்கா கேரள அரசின் கே.ஜி.டி.இ. தேர்வில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின தாள் இன்னும் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. டைப்ரைட்டரே எடைக்குப் போய்விட்டது, ஆனால் அந்தத் தாளை அம்மா வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கவரில் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அக்கா எங்கேயும் பரீட்சை எழுதவில்லை, கட்டிக் கொடுத்துவிட்டோம். "அவ பேர்ல கவர்மென்ட்டு முத்திரை போட்டு வந்தது இது ஒண்ணுதான்" என்பார் அம்மா. இது உங்களுக்குச் சிரிப்பாக இருந்தால் சிரியுங்கள்.

தாளைக் கேட்டுக் கேட்டே எங்களை வளர்த்திருக்கிறார்கள். பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டு வில்லேஜ் ஆபீஸ் போனால், 1950க்கு முன்னாலேயே உன் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்பார்கள். தாத்தாவின் தாளைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். பள்ளியில் தாள், பஞ்சாயத்தில் தாள், பேங்கில் தாள். எல்லா இடத்திலும் தாளைக் காட்டு என்றே கேட்கப்பட்ட ஒருத்தி, ஒரே ஒரு இடத்தில் தாள் கேட்டால் மட்டும் உங்களுக்கு அறிவு, ஞானம், கற்றலின் இன்பம் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தப் பதிலை எழுதியவரின் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் என்று அவர் முகப்பிலேயே போய்ப் பாருங்கள். கமா போட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். கற்றலின் இன்பத்துக்காக வாங்கியவை போலிருக்கிறது.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நேற்று அந்தக் குழுவில் நான் மரியாதையாகத்தான் கேட்டேன். டிசைன் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம், கடை பெயரும் போட வேண்டாம், உங்கள் லோகோவையும் பெயர் வரவேண்டிய இடத்தையும் சொன்னால் போதும் என்றேன். மாதிரிக்கு ஒன்று ராத்திரியே செய்து அனுப்பியும் விட்டேன். பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றியிருக்கிறார்கள்.

மாதிரியைக் கீழே கமெண்டில் போட்டிருக்கிறேன். வேறு யாராவது பயிற்சி நடத்துகிறீர்கள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபான்ட் மாற்ற வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், அதற்கு முன்னால் ஸ்கூல் கூட்டம் இருக்கும்.