ஓடாத இறுவட்டுகள்

திருகோணமலையில் ஒரு காலத்துத் திருமணங்களும் சாமத்தியச் சடங்குகளும் டிவிடி இறுவட்டுகளுக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன. இன்று அவற்றைக் கணினியில் ஓடவைப்பதற்குள் மனிதருக்குப் பொறுமையே போய்விடுகிறது. புதிய மடிக்கணினிகளில் இறுவட்டைச் செருக இடமே இல்லை. வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்றை வாங்கினாலும், 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடி படங்களை ஓட்டும் வசதி இயல்பாகச் சேர்க்கப்படாததால், திரையில் மணமக்களுக்குப் பதிலாக ‘வீடியோ_டிஎஸ்’ என்றொரு கோப்புறையும், அதற்குள் 1 ஜிபிக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டப்பட்ட ‘விஓபி’ என்ற வீடியோக் கோப்புகளுமே காட்சி தருகின்றன. தாலி கட்டும் நேரம் பார்த்து ஒரு துண்டு முடிந்துவிடும்.

டிவிடி படங்களை ஓட்டும் விஎல்சி செயலியை நிறுவினால் இந்தத் தொல்லை தீரும் என்பது உண்மைதான். ஆனால் படம்பிடித்தவர் இறுவட்டை எழுதியபின் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காமல் விட்டிருந்தால், அதை வேறு கருவிகள் வெற்று இறுவட்டாகவே கருதக்கூடும். அவரைத் தேடிப் போனால் ஸ்ரூடியோ இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. போதாக்குறைக்கு, ரோசாப்பூக்களுக்கு நடுவே தம்பதியர் சிரிக்கும் காகித லேபல் ஒன்றை மேலே ஒட்டியிருப்பார்கள் (யார் கேட்டார்கள்?). அது எங்கள் ஊர் வெக்கையில் உரிந்து, சுழலும்போது இறுவட்டை ஆட்டங்காண வைத்து, டிரைவுக்குள்ளும் சிக்கிக்கொள்கிறது.

கனடாவிலிருக்கும் சித்தியோ, “அதை வாட்ஸ்அப்பில அனுப்பிவிடன்” என்கிறார்.