அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியவர்களுக்கு

கடந்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில், எம்.எஸ்சி. அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்காக எங்கள் பெண்கள் சங்கம் நடத்திய உதவித்தொகை விழாவில் என்ன நடந்தது என்பதை இந்நேரம் இம்மாவட்டத்தில் வாட்ஸ்அப் வைத்திருக்கும் அனைவரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், அதை மறுபடி விவரித்து யாருடைய நேரத்தையும் வீணாக்க விரும்பவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்து நின்று, "இவ்வளவு பணம் பிரிக்கியளே, கணக்கு எங்க?" என்று கேட்ட பெரியவரின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு மரியாதைக் குறைவு என்பார்கள். எங்களுக்கு நடந்தது என்ன என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தக் காணொளியை எனக்கே அனுப்பி, "டீச்சர், இதுக்கு என்ன சொல்லுதிய?" என்று கேட்டவர்களில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பொதுமக்களிடம் பணம் வாங்குகிறவர்களிடம் கணக்குக் கேட்பது நியாயம். இந்த அமைப்பின் பொருளாளர் என்ற முறையில் அதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அன்று மண்டபத்தின் வாசலில், சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்த மேசைக்கு நேர் மேலே, ஆண்டுக் கணக்கை அச்சிட்டு ஒட்டியிருந்தோம். எந்த ரசீது எண்ணில் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் எந்தக் காசோலை போனது (மாணவர் பெயர்களைப் போடாமல் எண்களாகக் குறித்திருந்தோம்), மண்டப வாடகையையும் மதியச் சாப்பாட்டையும் உறுப்பினர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொடுத்தது உட்பட எல்லாம் அதில் இருந்தன. கீழே தணிக்கையாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. கேள்வி கேட்ட பெரியவர் அந்த மேசை முன் நின்று சந்தனம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். சுவரில் விடை இருக்கும்போது அதைச் சபையில் கேள்வியாகக் கேட்பவருக்கு விடை தேவைப்படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள முடியும். காணொளி எடுத்தவருடைய கைபேசிக்கும் அந்தச் சுவர் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

எங்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவு செய்த சங்கம் எங்களுடையது. ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கணக்கை வைத்து நிறைவேற்றிப் பதிவாளருக்கு அனுப்புகிறோம். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் காலங்களில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்து விற்கிறோம். முந்திரிக்கொத்துக்கு வறுக்கும் சிறுபயறை வாசம் வந்தவுடன் இறக்காவிட்டால் மாவு கசந்துவிடும். கருப்பட்டிப் பாகு ஊற்றிய மாவைச் சூடு ஆறுவதற்குள் உருட்டாவிட்டால் உதிர்ந்துவிடும். ஆகவே எங்களில் யாருடைய உள்ளங்கையைப் பார்த்தாலும் அந்த மாதங்களில் சிவந்துதான் இருக்கும். மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்து, எடை போட்டு, கவரில் அடைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்று வந்த பணத்தைத்தான் "பிரிக்கியளே" என்றார் அவர். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் தொகையும் உண்டு. "வெளிநாட்டுப் பணம்" என்று காணொளிக்குக் கீழே கருத்திட்டிருக்கும் அறிஞர்களுக்கு: இந்தியக் குடிமகன் எங்கே வேலை பார்த்தாலும், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுக்கும் நன்கொடை சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் கொடுக்க முன்வந்தபோது நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். மனம் வலித்துக்கொண்டுதான் அனுப்பினோம்.

இதே கணக்குக் கேள்வி எல்லாரிடமும் கேட்கப்பட்டிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஒரு கடையில் ரசீது புத்தகத்தோடு நானும் இன்னொரு அக்காவும் நின்றுகொண்டிருந்தபோது, திருவிழாக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் வந்தார்கள். கடைக்காரர் கல்லாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவர்கள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ரசீதும் இல்லை, கேள்வியும் இல்லை. அதன்பிறகு எங்கள் பக்கம் திரும்பியவர், பதிவு எண் கேட்டார், தலைவர் யார் என்று கேட்டார், கடைசியில், "வீட்டுல ஆம்பிளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார். என் கணவர் வந்து நின்றிருந்தால் எங்கள் பதிவு எண் இன்னும் கொஞ்சம் செல்லுபடியாகியிருக்கும் போலும். ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். ரசீது எழுதிக் கொடுத்து, அடிக்கட்டையில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தோம். திருவிழாக்களை நான் குறை சொல்லவில்லை, சந்தா கொடுக்கிறவள்தான். வாணவேடிக்கைக்குக் கணக்குக் கேட்காத வாய், ஒரு பிள்ளையின் ஆய்வகக் கட்டணத்துக்கு மட்டும் ஏன் கேட்கிறது என்பதுதான் என் கேள்வி.

கணக்குக் கேட்கத் தெரிந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். குளச்சல் பக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா முதல் முறை பணம் தந்தபோதே ரசீது கேட்டு வாங்கி, மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு நாங்கள் போனபோது அந்தத் தாளை எடுத்து விரித்து, "இந்த ரூபா எந்தப் பிள்ளைக்குப் போச்சு? பாஸாயிட்டாளா?" என்று கேட்டார். நாங்கள் விவரம் சொன்னோம். ஒரு தாளில் அரியர் வைத்திருக்கிறாள் என்பதையும் மறைக்கவில்லை. "அப்போ அவள எழுதி முடிக்கச் சொல்லு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் அந்த ஆண்டுப் பணத்தைத் தந்தார். அவர் முன்னால் நின்று பதில் சொல்லும்போது எனக்குச் சிறிதும் அவமானமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கேள்வி கேட்டவர் எங்களிடம் ஒரு ரூபாய் கொடுத்ததாக எந்த அடிக்கட்டையிலும் இல்லை; நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவதாக, அந்தக் காணொளிக்குக் கீழே வந்திருக்கும் "எம்.எஸ்சி. இயற்பியலும் வேதியியலும் படித்து என்ன ஆகப் போகிறது, நர்சிங் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு குடும்பமாவது பிழைக்கும்" என்ற அறிவுரை. நர்சிங் படிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இம்மாவட்டத்தின் எத்தனையோ கான்கிரீட் வீடுகள் அந்தப் படிப்பில் எழும்பியவை. ஆனால் சரக்கல்விளையைச் சேர்ந்த சிவன் 2018இல் இஸ்ரோவின் தலைவரானபோதும், மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த நாராயணன் 2025இல் அதே நாற்காலியில் அமர்ந்தபோதும், "நம்ம ஊருக்காரர்" என்று படம் போட்டு மகிழ்ந்தவை இதே வாட்ஸ்அப் குழுக்கள்தானே? சிவன் முதலில் படித்தது நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். பையன் படித்து ராக்கெட் விட்டால் பெருமை. பக்கத்து வீட்டுப் பெண் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்தால் "அது எதற்கு?"

அரசு கொடுக்கிறதே என்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளிகளில் படித்து வந்த எத்தனையோ பெண்களைக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அது முதல் பட்டத்தோடு நின்றுவிடும். மறுமுனையில், எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று ஆய்வில் சேர்ந்துவிட்டால், 2023இலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு ஆண்டுகளில்தான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வேறு உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டணம் கட்ட வேண்டிய காலம் ஒன்று, உதவித்தொகை வங்கிக்கு வந்து சேரும் காலம் வேறொன்று. முதுகலைச் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலை மாதங்களை நம் மாவட்டத்தோடு வைத்துப் பாருங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மலையடிவாரத்தில் அதே மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு நிற்கும், வெட்டுக்குப் போகிறவர்களுக்குக் கூலி இருக்காது. கையில் காசே இல்லாத அந்த இரண்டு மாதங்களில்தான் சேர்க்கைக் கட்டணமும் விடுதி முன்பணமும் சேர்ந்து வருகின்றன. கடைசிப் பருவத்து ஆய்வுத்திட்டத்தில், ஆய்வகத்தில் தயாரித்த மாதிரியை, அதன் உள்ளமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர் சோதனைகளுக்கு வெளிநிறுவனங்களுக்கு அனுப்பினால் சாம்பிளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்பார்கள். அதைத் தன் வளையலை அடகு வைத்துக் கட்டிய மாணவியை எனக்குத் தெரியும். எங்கள் தொகை இந்த இடத்துக்குத்தான் போகிறது.

"ஏன் பெண்கள் மட்டும் கூடிச் செய்கிறீர்கள்?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். யாரும் தடுக்கவில்லை, பயறு வறுக்க வரலாம். மற்றபடி இது நாங்கள் கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. இதே நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் திருமதி மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி பெண்கள் உறைவிடப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதை விற்ற பணம் அந்தப் படிப்புக்கே உதவியது. கடல் கடந்து பார்த்தால், 1957இல் ஸ்புட்னிக் வானில் ஏறிய மறு ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் சில பெண்கள் கூடி, அறிவியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்காகப் பணம் திரட்ட ஆர்க்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இன்றுவரை பெண் தன்னார்வலர்கள்தான் அதை நடத்துகிறார்கள். 1921 மே மாதம் வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் மேரி கியூரிக்கு வழங்கிய ஒரு கிராம் ரேடியம், அன்றைய விலை ஒரு லட்சம் டாலர், மேரி மெலோனி என்ற பத்திரிகையாளர் அமெரிக்கப் பெண்களிடம் கேட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கியது. விழாவுக்கு முந்தைய நாள் மாலை நன்கொடைப் பத்திரத்தைப் படித்த கியூரி, இப்படி இருந்தால் தனக்குப் பின் அது மகள்களின் சொத்தாகிவிடும், ஆய்வுக்கூடத்துக்கு உரியது என்று மாற்றி எழுதுங்கள் என்று அன்றிரவே வழக்கறிஞரைத் தேடிப் பிடிக்க வைத்தார். அவரை யாரும் எழுந்து நின்று கை நீட்டிக் கேட்கவில்லை. பொதுப் பணத்தைப் பற்றிய அச்சம் எங்களுக்கு இயல்பிலேயே உண்டு, ஐயா. அரைக் கிலோ சீனி மிச்சப்பட்டால்கூட யார் வீட்டுக்குப் போயிற்று என்று எழுதி வைக்கிறவர்கள் நாங்கள்.

"எந்தச் சாதிக்கு, எந்த மதத்துக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. எங்கள் குழுவில் குங்குமம் வைத்தவர், சிலுவை அணிந்தவர், முக்காடு போட்டவர் எல்லாரும் ஒரே வாணலியைச் சுற்றித்தான் நிற்கிறோம். விண்ணப்பத்தில் அந்தக் கட்டமே கிடையாது. மாணவர்களை மேடையேற்றிக் காசோலை கொடுப்பது சரியா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நன்கொடை தந்தவர்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என் சொந்த அண்ணன் துபாயிலிருந்து அந்தக் காணொளியைச் சிரிக்கும் பொம்மைகளோடு எனக்கு அனுப்பியிருந்தான். எங்கள் அம்மா உலையில் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, அதை விற்ற காசில் அவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதை அவன் மறந்திருக்க மாட்டான் என்று இன்னும் நம்புகிறேன். நான் எம்.எஸ்சி. சேர்ந்த ஆண்டு அந்தப் பானையில் எடுக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை; இரண்டு ஆண்டு டியூஷன் எடுத்துவிட்டுத்தான் நான் படிக்கப் போனேன். அண்ணனோடு பேசி இரண்டு நாளாகிறது.

அவனுக்கும் மற்றவர்களுக்கும் தெரியாத ஒன்று உண்டு. "கணக்கு எங்க?" என்ற குரல் எழும்பிய நேரத்தில் மேடையில் காசோலையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றிருந்தவள் ஒரு வேதியியல் மாணவி. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று எழுத மாட்டேன்; எழுதத் தேவையும் இல்லை, முகம்தான் பளிச்சென்று தெரிகிறதே. திங்கட்கிழமை இரவு அழைத்தாள். "டீச்சர், செக்க நான் இன்னும் பேங்க்ல போடல்ல. எல்லாரும் கேக்காங்க, நான் என்னமோ எடுத்துட்டு வந்த மாதிரி. திருப்பித் தந்துரட்டா?" என்றாள். முப்பது பேர் வகுப்பில் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை. "காலையிலயே கொண்டு போடு மக்களே" என்று மட்டும் சொன்னேன். போட்டுவிட்டாள், வங்கியிலிருந்து செய்தியும் வந்துவிட்டது. ஆனாலும் கல்லூரிக்குப் போக அவளுக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

எங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், கணக்குப் புத்தகங்கள் தக்கலையில் என் வீட்டில் இருக்கின்றன, யார் வந்தாலும் எடுத்து வைக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் தெரியும் காணொளியை மட்டும் அழித்துவிடுங்கள். அதைப் பகிர்ந்த குழுக்களின் நிர்வாகிகள் சிலர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். இன்று இரவுக்குள் நீக்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.