பிராய்லர் கோழி சாப்டா பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வந்துடுவாங்களா?

"பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்க, அத சாப்புட்டு தான் பொண்ணுங்க சின்ன வயசுலயே பெரிய மனுஷி ஆயிடுறாங்க"ன்னு ஒரு மெசேஜ் திரும்பத் திரும்ப சுத்துது. அது தப்புங்க. கோழி 40 நாள்ல ரெண்டு கிலோ வர்றது பல தலைமுறையா பொறுக்கி வளர்த்த இனத்தாலயும் தீவனத்தாலயும் தான், ஒரு ஷெட்ல ஆயிரக்கணக்குல நிக்குற கோழிய ஒவ்வொன்னா புடிச்சு ஹார்மோன் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படி ஆகாது, குஞ்சுக்கு கண்ணுல சொட்டு விடுறதும் தண்ணியில கலக்குறதும் வெள்ளைக்கழிச்சல்ங்கற கோழி நோய் வராம இருக்க குடுக்குற தடுப்பு மருந்து. வளர்ச்சி ஹார்மோனே ஒரு புரோட்டீன், நாம சாப்புட்டா வயித்துலயே செரிச்சுடும். கோழிக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து அளவுக்கு மீறி குடுக்குற பிரச்சனை நிஜம், ஆனா அது வேற விஷயம்.

முன்னல்லாம் விட இப்ப முதல் பீரியட்ஸ் சீக்கிரம் வர்றது உண்மை தான். சத்தான சாப்பாடு, உடம்புல கூடுற கொழுப்பு, பரம்பரை இதெல்லாம் சேர்ந்து தான் அந்த வயச முடிவு பண்ணுது, கொழுப்பு செல்லுல இருந்து வர்ற லெப்டின்ங்கற ஹார்மோன் மூளைக்கு "உடம்பு ரெடி"ன்னு சொல்லுது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பாப்பாவுக்கு 10 வயசுல வந்ததும் வீட்ல முட்டை, சிக்கன் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, தட்டுல வெறும் ரசம் சோறு, மனசே ஆறல. புரோட்டீனும் இரும்புச்சத்தும் அவளுக்கு இப்ப தானே நெறய வேணும்! 8 வயசுக்கு முன்னாடியே மார்பு வளர ஆரம்பிச்சா குழந்தைங்க டாக்டர்ட்ட காட்டுங்க, கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்ப்பாங்க, தேவைப்பட்டா தள்ளிப்போட சிகிச்சையும் இருக்கு.