புதுச்சேரிக்குப் போகவேண்டிய ஒரு நைட்டி

கடலூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் நைட்டி விற்கிறார். பீரோவின் கீழ்த்தட்டுதான் குடோன். போன வாரம் ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கேட்டேன். "நமக்கெல்லாம் எதுக்குத் தம்பி? வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல வித்தாத்தானே?" என்றார். சொல்லிக்கொண்டே பார்சல் கவரில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்: லாஸ்பேட்டை, புதுச்சேரி.

அந்த ஒரு கவரிலேயே 40 லட்சக் கணக்கு அடிபட்டுப் போகிறது. அந்த வரம்பு, சரக்கை மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்களுக்கு. வரி உள்ள சரக்கு எல்லை தாண்டினால், அது 350 ரூபாய் நைட்டி என்றாலும் முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவு. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, கடை நைட்டிக்குக் கிடையாது. கன்னியாகுமரிக்கு அனுப்பினால் பிரச்சினை இல்லை. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பினால் வெளிமாநில விற்பனை!

எனக்கு வயிறு எரிவது இதில்தான். இதே கடலூரில் உட்கார்ந்து பெங்களூரு பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுப்பவருக்கு, 20 லட்சம் வரை பதிவே தேவையில்லை. சேவைத் தொழிலுக்கு 2017 அக்டோபரிலேயே அந்தச் சலுகை வந்துவிட்டது. நைட்டி விற்கிற அக்கா மட்டும் என்ன பாவம் செய்தார்? ஜிஎஸ்டி கவுன்சில் அதே 20 லட்சத்தைச் சரக்குக்கும் கொடுக்க வேண்டும்.

ஆன்லைன் தளங்களில் விற்பவர்களுக்குக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருந்து மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், பதிவு வேண்டாம், பான் கொடுத்து ஜிஎஸ்டி போர்ட்டலில் என்ரோல்மென்ட் நம்பர் வாங்கினால் போதும். நல்லதுதான். ஆனால் வெளிமாநில ஆர்டரும் வரட்டும் என்றுதானே பலரும் ஆன்லைனுக்கே வருகிறார்கள்?

சட்டம் மாறும்வரை பதிவு எடுத்துவிடுங்கள். அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. அப்புறம், விற்பனையே இல்லாவிட்டாலும் நில் ரிட்டர்ன் போட மறக்காதீர்கள், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஆன்லைன் தளங்கள் உங்கள் விற்பனைத் தொகையிலிருந்து டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் 0.5 சதவீதம் உங்கள் பணம். போர்ட்டலில் நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் கணக்கில் சேரும்.

அக்காவின் பான், ஆதார், கரண்ட் பில் எல்லாம் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. பதிவு எண் வரும்வரை லாஸ்பேட்டை பார்சல் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.